பொட்டு வெச்ச ஃபோன் பொட்டி

எங்க ஊட்டுப் பரண்ல ஒரு வெள்ளைப் பொட்டி கெடக்குதுங்க. கையகலம்தான் இருக்கும். மேல வெச்ச குங்குமம் இன்னும் போவலை. இண்டர்நெட்டு ஃபோனுக்கு மாட்டற பொட்டி. அருள்புரத்துல எங்க மொதலாளி பனியன் கம்பெனி நடத்துனப்ப நான் அங்க வாச்மேன்.

மொதலாளி வெவசாயக் காட்டை வித்துத் தையல் மெசினு போட்டவரு. ரொம்ப வருசம் அடுத்த கம்பெனிக்கே தெச்சுக் குடுத்தாரு. சொந்தமா வெளிநாட்டுக்கு ஒரு ஆர்டர் அனுப்பிப்போடோணும்னு ஒரே ஏக்கம். அப்பத்தான் கோயமுத்தூர்ல இருந்து ஒரு தம்பி வந்து இதை மாட்டுனாப்ல. "பேச ஒரு லைனு, ஃபேக்ஸுக்கு ஒரு லைனு, ரெண்டும் இதுக்குள்ளதானுங்க"ன்னு சொல்லிப்போட்டு டீ குடிச்சாப்ல. எங்க மொதலாளி டீயே தொடமாட்டாரு, வயித்துப் புண்ணு, எப்பவும் சுடுதண்ணிதான். அது கெடக்கட்டும். பழைய ஃபோன் லைனை வேண்டாம்னு எழுதிக் குடுத்தாச்சு.

மொதமொதலா ஒரு வெள்ளைக்காரரு ஆர்டர் குடுக்கறதாச் சொன்னாரு. ஆயுத பூசையும் வந்துது. அன்னிக்குத்தான் ஆர்டர் ஃபேக்ஸ் வரும், சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்போணும், இல்லீன்னா வேற கம்பெனிக்குன்னு அந்த வெள்ளைக்காரரு சொல்லியிருந்தாரு. மொதலாளி பூசையை ஆருகிட்டயும் உடமாட்டாரு. மெசினு மெசினா அணைச்சு, சந்தனம் தடவிக் குங்குமம் வெப்பாரு. பொட்டு வெச்ச மெசினை மறுநாள் வரைக்கும் ஓட்டக் கூடாது. ஃபேக்ஸ் மெசினை மட்டும், "இது இன்னிக்கு முளிச்சிருக்கட்டும்"னு உட்டுட்டாரு. கடைசில இந்தப் பொட்டிக்கிட்ட வந்தாரு. "ராப்பகலா பேசறே, நீயும் செத்த தூங்கு சாமி"ன்னு சிரிச்சுட்டே சுவிட்சை அணைச்சுப் பொட்டு வெச்சாரு.

பொரி வாங்கிட்டு எல்லாரும் போயிட்டாங்க. இவரு ஃபேக்ஸுக்கு முன்னால சேரைப் போட்டு உக்காந்தவருதான். "ஏனுங்கண்ணா, காயிதம் கீயிதம் மாட்டிக்கிச்சா பாருங்க"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. நானும் எட்டிப் பாத்துட்டே இருந்தேன். பொளுதும் உளுந்துது.

மறுநாள் பொட்டி சுவிட்சைப் போட்டதும் ஃபோன் அடிச்சுது. ஆர்டர் வேற பக்கம் போயிருச்சாம். மாட்டுன தம்பியைக் கூப்புட்டுக் கேட்டா, "பொட்டியை அணைச்சா ரெண்டு லைனும் போயிருமுங்களே"ங்கறாப்ல. மொதலாளி ஆரையும் வையலை. "என் கையாலயே தூங்க வெச்சுப்போட்டனுங்கண்ணா"ன்னாரு. அத்தோட செரி.

அப்புறம் அப்படி ஒரு ஆர்டர் வரவே இல்லீங்க. மெசினெல்லாம் ஒவ்வொண்ணா வித்தாரு. பொட்டியை மட்டும் என் கையில குடுத்து, "தூக்கிப் போட மனசு வல்லீங்கண்ணா"ன்னாரு.

இப்ப மங்கலம் பக்கம் ஒரு கம்பெனில சூப்பர்வைசரா இருக்காரு. போன ஆயுத பூசையன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். "இன்னிக்குக்கூட லீவில்லீங்களா மொதலாளி?"ன்னேன்.

"அவிய பூசை வெப்பாங்க. ஃபோன் சுவிட்சுல ஆரும் கை வெச்சுரப்படாதில்லீங்கண்ணா, நாந்தான் காவலு"ன்னாரு. பஸ்ஸும் வந்துது, ஏறிட்டாரு.

இங்க பரண்ல அந்தப் பொட்டி பாட்டுக்குத் தூங்குதுங்க.