பன்றி விளக்குக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் பட்டறை வாசலில் தொங்கும் பலகையில் ஹேக்கர்ஸ்பேஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. பேங்க் பணத்தைத் திருடக் கற்றுக்கொடுக்கும் இடம் என்று முதல் மாதம் ஊரில் பேசிக்கொண்டார்கள். உள்ளே வந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பழைய குடோன், இரண்டு நீள மேசை, வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், யாரோ தானமாகக் கொடுத்த 3டி பிரிண்டர், மூலையில் உடைந்த மிக்ஸிகள். சனியும் ஞாயிறும் திறப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். கருவிகள் எல்லோருக்கும் பொது.

அங்கே நான்தான் கெட்டிக்காரன். காவலூரில் பிறந்து, மலை முழுக்க மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பவன். எது ஓடவில்லை என்றாலும் "அண்ணங்கிட்ட காட்டு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் சனிக்கிழமைகளில் என் கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன். அப்போது கேட்டிருந்தால் சமூக சேவை என்று சொல்லியிருப்பேன்.

பிறகு ஒடுகத்தூரிலிருந்து அந்தப் பெண் வந்தாள். அங்கே கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள், முப்பது வயதிருக்கும். பஸ்ஸில் வளைவுகளுக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலையேறி வருவாள். வந்த நாளே சால்டரிங் அயர்னை எனக்கு இணையாகப் பிடித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எட்டு மாதமாகப் புளியில் கொட்டை எடுக்கும் இயந்திரம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொட்டை வருவதற்குப் பதில் புளி மொத்தமும் உருளையில் சுற்றிக்கொள்ளும். அவளோ மூன்றே வாரத்தில் காட்டுப்பன்றியை விரட்டும் கருவி ஒன்றைச் செய்து மேசைமேல் வைத்தாள். சோலார் தகடு, அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார், ஒரு ஹாரன், கம்பத்தின் உச்சியில் வெட்டிவெட்டி எரியும் வெள்ளை விளக்கு. முன்னால் போய்க் கையை ஆட்டினால் போதும், குடோனே அலறியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். எனக்கு வயிறு எரிந்தது. நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் பிரித்துப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே அனுப்புவோம். வெளியே போய் அது தகராறு செய்தால், செய்தவர் போக வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டவர்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும். அப்போதுதான் ஒழுங்காகப் பார்ப்பார்கள் என்று இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

அவள் நோட்டை என்னிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்கண்ணா. நீங்க பாத்தாத்தான் எனக்கு தைரியம்."

ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றினேன். எங்காவது ஒரு வயர் தளர்ந்திருக்காதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. வெறுத்துப்போய் மூடும்போதுதான் விளக்கைக் கவனித்தேன். அதற்கு மேல்மூடி இல்லை. வெளிச்சம் நாலா பக்கமும், வானத்தைப் பார்த்தும் அடிக்கும். எங்கள் பக்கத்தில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. வெளியில் விளக்குப் போட்டால் வெளிச்சம் தரையில் மட்டும் விழ வேண்டும், மேலே போகக் கூடாது. காவலூரில் மாட்டுக்கொட்டகை விளக்குக்குக்கூட மூடி இருக்கும். அடிவாரத்துப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. ஊரில் வைத்த பிறகு புகார் வரட்டும், இவளுக்கும் தெரியாதது உண்டு என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

கருவியை ஒரு அக்காவின் சாமை நிலத்தில் நட்டார்கள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் அந்த ஒன்றரை ஏக்கரை அவர் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் பிடித்திருந்த நேரம். ஒரு வாரம் பன்றி எட்டிப்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தொலைநோக்கி பாக்கறவங்க வந்து தன்மையாத்தான் சொன்னாங்க, இந்த வெளக்கு அவங்களுக்குத் தொந்தரவாம். நிறுத்திட்டேன். வெளக்க நிறுத்துனா ஹாரனும் நின்னுபோவுது. இன்னா பண்றது?"

"சனிக்கிழமை வர்றேன்கா" என்றேன். அன்றே போயிருக்கலாம். வண்டியில் அரை மணி நேரம். நாலு நாள் அது நின்றுகிடந்தால்தான் பேச்சு பரவும் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பன்றி புகுந்து பாதி நிலம் போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை பட்டறையில் அவள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். "என் தப்புதான். இந்த ஊர் வெளக்கு விசயம் எனக்குத் தெரியல. கேட்டிருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் தோணலியாண்ணா?"

"தோணலம்மா" என்றேன்.

காவலூரில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? எதிரே இருந்தவர் தலை குனிந்துகொண்டார். இன்னொருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவள் ஒருத்திதான் நம்பினாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மதியமே கிளம்பி அக்காவின் நிலத்துக்குப் போனேன். பன்றிகள் மிதித்து உழுத இடத்தில் சாமைத்தாள் சேற்றோடு கிடந்தது. அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் டின் ஒன்றை வெட்டி வளைத்து, விளக்கின் தலையில் தொப்பிபோல மாட்டி, இரண்டு ஸ்க்ரூ முடுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் கீழே மட்டும் விழுந்தது.

"இம்மாந்தானா?" என்றார் அக்கா. "பத்து நிமிசம்கூட ஆவல."

"ஆமாங்கா."

"அந்தப் பொண்ணு நேத்து வந்து அழுதுட்டுப் போச்சு. அதுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா தெரியாது?"

ஏணியின் மேல் நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை. "தெரியும்கா. வேணும்னுதான் சொல்லல" என்றேன்.

அவர் ஏணியை விடவில்லை. திட்டவும் இல்லை. நான் இறங்கி முடித்த பிறகுதான் கையை எடுத்தார். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? என் கதிரா திரும்பி வரும்? அந்தப் பொண்ணாண்ட போய்ச் சொல்லுங்க. அது தன்னாலதான்னு நெனச்சுக்கினு கெடக்குது" என்றார்.

சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பட்டறையில் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். அவள் மட்டும் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று மேசையில் குனிந்திருந்தாள். பன்றி வந்தால் அக்காவின் போனுக்குத் தகவல் போகும்படி இன்னொரு கருவி. விளக்கே வேண்டாம் என்று அழுதுகொண்டே யோசித்தாளாம். "பாருங்கண்ணா" என்று சென்சாருக்கு முன்னால் கையை ஆட்டினாள். என் சட்டைப் பையிலிருந்த போன் உடனே அடித்தது.

என் நம்பரை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தாளாம்.

எட்டு மாதத்தில் என்னால் செய்ய முடியாத மாதிரி, ஒரே மதியத்தில், அவ்வளவு சுத்தமாக. சொல்ல வந்ததைச் சொல்லாமல், அடித்துக்கொண்டிருந்த போனை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எப்டிண்ணா இருக்கு?"

"பரவால்ல" என்றேன்.