ஆள் கூடினால் நாள் குறையும்

எங்கள் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குப் பாடப்புத்தகத்தைக் கண்டால் ஆகாது. அதில் ராமுவும் சோமுவும் சேர்ந்து சுவர் கட்டுவதைப் படித்தால் எந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏறும் என்பார். கும்மிடிப்பூண்டியில், சுற்றிலும் இத்தனை கம்பெனிகளை வைத்துக்கொண்டு, நமக்கு எதற்கு ராமு? அவரவர் வீட்டிலிருந்தே கணக்கைக் கொண்டுவாருங்கள் என்பார். அவர் திருவள்ளூரிலிருந்து வந்துபோகிறவர். அவர் வீட்டுக் கணக்கு எதையும் நாங்கள் போட்டதில்லை.

எதிர் விகிதம் நடத்தியபோது, ஆள் கூடினால் நாள் குறையும் என்று எங்களை ராகம் போட்டுச் சொல்லவைத்தார். பிறகு வீட்டுப்பாடம். அப்பாவுடைய கம்பெனியில் எத்தனை ஆள், எத்தனை நாள் வேலை என்று கேட்டுவந்து, அதைக் கணக்காக்கிக் காட்ட வேண்டும்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியில், கான்ட்ராக்டரிடம் லோடு ஏற்றும் வேலை அவருக்கு. சாயங்காலம் அவர் கால் கழுவும்போதே பிடித்துக்கொண்டேன்.

“போன மாசம் நாங்க ஆறு பேரும்மா. இருபத்திநாலு நாள் வேல இருந்திச்சி. இப்ப ஒடிசாலேர்ந்து இன்னும் ஆறு பேர இட்டுக்கினு வந்துட்டான் கான்ட்ராக்டரு. லோடு இன்னாவோ அதே லோடுதான். பாதி நாளு ஊட்ல குந்திக்கினு இருக்க வேண்டிதுதான்” என்றார்.

எனக்கு ஒரே குஷி. ஆறை இருபத்துநான்கால் பெருக்கினாலும், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் நூற்று நாற்பத்துநான்குதான். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் தசமப் புள்ளியில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். என் நைனா மட்டும் மீதியில்லாமல் வகுபட்டார்.

மறுநாள் வாத்தியார் என் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஆள் இன்னும் இரண்டு மடங்கானால் என்று கேட்டார். ஆறு நாள் என்றேன். அதுவும் இரண்டு மடங்கானால்? மூன்று நாள்.

“இப்படியே போனா சைபர் ஆயிடுமா சார்?”

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நல்ல கேள்வி! ஆகவே ஆகாது. எத்தனை ஆள் வந்தாலும் துளியாவது மிஞ்சும். அதுதாம்மா எதிர் விகிதத்தோட அழகு.”

அழகாம். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன். நல்ல மனிதர், உழைத்துச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் கரும்பலகையில் குறைந்துகொண்டே போனது யாருடைய நாள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். இதற்கு ராமுவின் சுவரே தேவலாம். அது இடிந்து விழுந்தாலும் யார் வீட்டிலும் அடுப்பு அணையாது.

சில வாரம் கழித்து ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். நைனா வீட்டில் இருந்தார். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பழைய ஆட்கள் யாரும் இனி வர வேண்டாம் என்று அன்று காலையில் கான்ட்ராக்டர் நைனா உட்பட ஆறு பேரையும் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டான். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாள் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும், அதனால்தான் இந்த வாட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஆறுதல் என்னிடம் தயாராக இருந்தது.

“கவலப்படாத நைனா. எவ்ளோ கொறஞ்சாலும் சைபர் மட்டும் ஆவாது.”

நைனா நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா சொன்னா?”

“கணக்கு சாரு.”

“சாரே சொல்லிட்டாரா? அப்ப செரி” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா ஈரக் கையோடு எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அடி வலித்ததைவிட, அது ஏன் விழுந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எந்த இடத்தில் தப்பு விட்டேன்? மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே முதலிலிருந்து பெருக்கிப் பார்த்தேன். விடை சரியாகத்தான் வந்தது.