குறைக்க வேண்டிய நடத்தை

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பதை நிபுணர் குழு முடிவு செய்யும் என்று அந்த மையத்தின் கையேடு சொல்கிறது. குழு என்பது ஒரு பெண்மணி. ஐம்பத்திரண்டு வயது, ஓயாத முட்டிவலி, பேச்சுப் பயிற்சியில் இருபது வருட அனுபவம். குழந்தைக்கு ஒன்றாக நிறக் காந்தங்களை, அறைகளின் நேர அட்டவணை வரைந்த வெள்ளைப் பலகையில் ஒட்டி நகர்த்திக்கொண்டே இருப்பதால், எல்லோருக்கும் அவர் காந்தக்கா.

அவருடைய முறை எளிமையானது. எந்த அறை எப்போது காலி என்று பார்ப்பார். காந்தத்தை ஒட்டுவார். பிறகு உட்கார்ந்து, அந்தக் குழந்தைக்கு அந்த அறைதான் தேவை என்பதற்கான காரணங்களை எழுதுவார். காரணங்கள் நன்றாகவே இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளை உண்மையிலேயே படிக்கிறவர் அவர். படிக்காதவராக இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். பேச்சு இல்லை. எது வேண்டுமென்றாலும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைப்பாள். பசித்தால் தன் வயிற்றின்மேல். பட அட்டையைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் இவள் கப்பென்று பிடித்துக்கொள்வாள் என்று காந்தக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அட்டை பழக்குகிற ஒரே ஆள் பிரசவ விடுப்பில். நடத்தைப் பயிற்சி அறையோ காலை பத்து மணிக்குக் காலி.

“சும்மா வீட்ல இருக்கறதுக்கு ஏதோ ஒண்ணு நடக்கட்டுமே,” என்றார் அந்த அறைப் பயிற்சியாளரிடம்.

“எனக்கென்னக்கா, உக்கார வைக்கணும்னா வச்சிடுறேன். குதிரையக் குடுங்க, அதையும் நாற்காலியில உக்கார வைக்கிறேன்.”

அந்த அறைக்கென்று உள்ள படிவத்தில் ‘குறைக்க வேண்டிய நடத்தை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் விட்டால் கணினி ஏற்காது. சிறுமிக்கு அடம் இல்லை, அடிதடி இல்லை. எழுத எதுவுமே இல்லை. காந்தக்கா சற்று யோசித்து, ‘பிறர் கையைப் பிடித்து இழுத்தல்’ என்று நிரப்பினார்.

பயிற்சியாளர் தொழிலில் கெட்டிக்காரர். அவள் கையைத் தேடி வந்தால் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “கை மேசை மேல” என்பார். வீட்டிலும் அப்படியே செய்யச் சொல்லியிருந்தது. முதல் வாரம் நாற்பத்தொரு தடவை இழுத்தாள். அப்புறம் இருபது, ஐந்து. ஒன்பதாவது வாரம் பூஜ்யம். வரைபடம் மாடிப்படி மாதிரி அழகாக இறங்கியது. அப்பா அதைக் கைபேசியில் படம் எடுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினார்.

பத்தாவது வாரம் அம்மா மகளோடு காந்தக்காவிடம் வந்தாள். சிறுமியின் காதில் பஞ்சு.

“காதுல சீழ் மேடம். ஜவ்வே கிழிஞ்சிடுச்சாம். நாலு நாளாவது வலிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. நாலு நாளும் மேசை மேல கைய வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. எவ்ளோ சமத்து பாருங்கன்னு நான் நாத்தனார்கிட்ட பீத்திக்கிட்டிருந்தேன்.”

“முன்னாடியெல்லாம் வலிச்சா என்ன பண்ணுவா?”

“என் கைய இழுத்து வலிக்கிற இடத்துல வைப்பா. நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?”

இந்த மாதிரிச் சமயங்களுக்கென்றே மையத்தில் வழவழப்பான வாக்கியங்கள் பல உண்டு. பாதியை எழுதியவர் காந்தக்கா.

“ஆமாம்மா. நான்தான்.”

“கைய இழுக்கறது திரும்ப வருமா மேடம்?”

“தெரியல.”

மறுநாள் காந்தத்தை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டு, தன் சாப்பாட்டு வேளையையே சிறுமிக்கு ஒதுக்கினார். முட்டி முனக, தரையில் எதிரே உட்கார்ந்தார். அவளுக்குப் பிடித்த நீலப் பந்தை அலமாரியில் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, வெறும் கையை அவள்முன் நீட்டினார். சிறுமி பந்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு, மேசை இல்லாததால், தன் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காந்தக்கா நீட்டிய கையை எடுக்கவில்லை. சாப்பாட்டு வேளை முடிய இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.