ஜலஜா கட்டிய ஸ்டைன்மட்டன்

சுவிட்சர்லாந்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு, ஒரு மலையைக்கூடப் படம் எடுக்காமல் திரும்பி வந்தவள் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் முழுவதிலும் ஜலஜா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளுடைய செல்போனில் இருந்ததெல்லாம் ஒரு பஸ் ஸ்டாப், பச்சை பாட்டிலுக்கு ஒன்று பழுப்பு பாட்டிலுக்கு ஒன்று என்று நிற்கும் குப்பைத் தொட்டிகள், ஒரு சோளக்காடு, ஒரு சின்ன ஆறு, மறுபடியும் அதே பஸ் ஸ்டாப்.

அவள் கணவர் வாஞ்சிநாதன் எடை மெஷின் கம்பெனியில் இன்ஜினீயர். பயிற்சிக்காக அவரை பெர்ன் நகருக்கு அனுப்பினார்கள். நகருக்குள் வாடகை எகிறிக் கிடந்ததால் வெளியே ஸ்டைன்மட்டன் என்ற குட்டிப் புறநகரில் தங்க இடம் கொடுத்தார்கள். வங்கி வேலையை விட்டு அப்போதுதான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்த ஜலஜாவும் கூடவே போனாள். முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரோப் காரில் மலையேறினார்கள். பாதி வழியில் ஜலஜாவுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விட்டாள். அதோடு மலைக்கு ஒரு கும்பிடு. அதற்கப்புறம் வாரா வாரம் வாஞ்சிநாதன் மட்டும் மலைக்குப் போனார். ஜலஜா ஸ்டைன்மட்டனைச் சுற்றினாள்.

சுற்றச் சுற்ற அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மூலையில் கிளம்பினால் காலை காபி ஜீரணமாவதற்குள் மறு மூலைக்குப் போய்விடலாம். மூன்றில் ஒரு பங்கு காடு, ஒரு பங்கு வயல், மிச்சத்தில் வீடும் ரோடும். வடக்கு எல்லையில் ஆறு. ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம். அதில் நாலில் ஒருவர் வெளிநாட்டுக்காரர்: போர்ச்சுகீசியர், எரித்திரியர், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து தர்ஷினி. கறிவேப்பிலை கேட்டு உள்ளே நுழைந்த ஜலஜாவைத் தர்ஷினி அன்று மத்தியானம் வரைக்கும் வெளியே விடவில்லை.

கொல்கத்தா திரும்பிய பிறகும் ஜலஜா வாயைத் திறந்தால் ஸ்டைன்மட்டன்தான். லேக் மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்கும்போதும் அதே பேச்சு. அவள் பிறந்ததே அந்த மார்க்கெட்டுக்குப் பின்சந்தில். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். அதனால் இரண்டு பாஷைக்காரர்களுக்கும் தப்ப வழியில்லை.

துர்கா பூஜைக்குக் கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு ஊரைப் போலவே பந்தல் கட்டிப் போட்டி போடுவார்கள். அந்த வருஷம் தெரு க்ளப்பின் பந்தலுக்கு தீம் 'சுவிட்சர்லாந்து' என்று முடிவாகி, ஆல்ப்ஸ் மலைக்கு மூங்கில்கூட வந்து இறங்கிவிட்டது. அப்போதுதான் கரியாஹாட் பக்கத்துப் பெரிய க்ளப் ஒன்றும் ஆல்ப்ஸ்தான் கட்டுகிறது, பனி கொட்ட மெஷினே வருகிறது என்று தகவல் வந்தது. கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் தபன்-தா, அதாவது தபன் அண்ணன், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜலஜா எழுந்தாள். "மலையே இல்லாத சுவிட்சர்லாந்து கட்டலாமே தபன்-தா! நான் இருந்தேனே, ஸ்டைன்மட்டன்!"

"மட்டனா?" தபன்-தா நிமிர்ந்தார். "ஊருக்கே மட்டன்னு பேரா?"

"மட்டன்னா அவங்க பாஷையில புல்வெளி."

"மட்டன் சாப்பிடாத தீதி மட்டனுக்குப் போயிட்டு வந்திருக்காங்க!" என்று ஜலஜாவைக் காட்டி யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது தபன்-தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி தீதி, பார்க்க அங்கே என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை! அதான் அழகு. சொன்ன நேரத்துக்கு பஸ் வரும்."

பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் ஊர்! ஆல்ப்ஸை விட இது அதிசயம் என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. பொறுப்பு அங்கேயே ஜலஜாவின் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். வாஞ்சிநாதன் செய்தித்தாளை இறக்கினார்.

"உனக்கென்ன பைத்தியமா? குப்பைத் தொட்டியைப் பார்க்க யார் வரிசையில நிப்பா?"

"ஏன்னா, நீங்க பஸ்ஸைப் பண்ணிக் குடுங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்ன பஸ்?"

"ஓடற பஸ்!"

அவர் முனகினார். ஆனால் சாயங்காலத்துக்குள் கப்பி, கயிறு, மோட்டார் என்று செய்தித்தாளின் ஓரத்திலேயே படம் போட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த இரண்டு மாதம் ஜலஜா தரையில் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. பந்தல் வேலைக்குக் காண்ட்டாய் என்ற ஊரிலிருந்து வந்த தச்சர்களோடு சண்டை போட்டாள், அவர்களுக்கே லெமன் ரைஸ் கட்டிக்கொண்டு போனாள். காடு எந்தப் பக்கம், வயல் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் தரையில் கோடு கிழித்தாள். சந்தேகம் வந்தால் தர்ஷினிக்குப் போன்.

"தர்ஷினி, சர்ச் ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இஞ்சால, அக்கா. ஆத்துக்கு அங்கால பக்கத்து ஊர். அவையளுக்கு எங்கட சர்ச்சைக் குடுத்திடாதேங்கோ!"

உள்ளூர்ச் சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. ஸ்டைன்மட்டனில் கோயில் இல்லை. அம்மனை எங்கே வைப்பது? ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம் என்றாள் ஜலஜா. ஆக, துர்கை பத்துக் கைகளோடு, புதிதாகக் குடியேறியவர்கள் பெயர் பதியும் கவுண்டருக்குப் பின்னால் எழுந்தருளினாள். புரோகிதர் கவுண்டரின் கண்ணாடி ஜன்னலைத் தூக்கிவிட்டு ஆரத்தி காட்டினார்.

பஞ்சமியன்று பந்தல் திறந்தது. வாசலில் பலகை: 'ஸ்டைன்மட்டன். ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம்.' திறந்து ஒரு டீ ஆறுவதற்குள் அந்த ஜனத்தொகை உள்ளே நுழைந்துவிட்டது. தபன்-தா மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, ஊர் நிரம்பிவிட்டது! வெளிநாட்டவர்கள் வரிசையில் நிற்கவும்!" என்று அறிவிக்க, வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வாஞ்சிநாதனின் அட்டை பஸ் சோளக்காட்டைச் சுற்றி வந்து, கடிகார முள் தொட்ட கணத்தில் நிறுத்தத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஆரவாரம். ஒரு பெரியவர் பஸ்ஸைப் பார்த்துக் கண் கலங்கினார். "பாலிகஞ்சுக்குப் போகுமா?" என்று ஒரு பெண்மணி நிஜமாகவே கேட்டாள். பாட்டில் தொட்டிகளுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கத் தள்ளுமுள்ளு.

சப்தமி மத்தியானம் வானம் கறுத்தது. ஐந்தே நிமிஷம், கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது. தெருத் தண்ணீர் முழுக்கப் பந்தலுக்குள் பாய்ந்து, நீல பிளாஸ்டிக் விரித்த ஆற்றில் சேர்ந்து, கரை தாண்டியது. சோளத்தட்டை மிதந்தது. பஸ் மிதந்தது. கூரை ஒழுகாத ஒரே இடமான கவுண்டரில் துர்கை சிரித்தபடி நின்றாள்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று தபன்-தா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு மாத உழைப்பு. ஜலஜா கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றபடி, என்ன செய்வதென்று தெரியாமல் தர்ஷினியை வீடியோவில் அழைத்துக் காட்டினாள்.

"பாரேன் தர்ஷினி, நம்ம ஊர் முழுகிண்டிருக்கு."

திரையில் தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் வெடித்துச் சிரித்தாள். "அக்கா, இப்பத்தான் அச்சு அசல் எங்கட ஊர்! போன கோடையில ஆறு பெருகி என்ர கடைக்குள்ள இப்பிடித்தான் நிண்டது. உதில மிதக்கிறது எங்கட பஸ்ஸோ? ஐயோ, பொறுங்கோ, இவரைக் கூப்பிடுறன்!"

ஜலஜாவுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மைக்கைப் பிடுங்கி வங்காளத்தில் கத்தினாள்: "யாரும் பயப்பட வேண்டாம்! ஸ்டைன்மட்டனில் வெள்ளம் வந்தால் இப்படித்தான் இருக்கும்! இதுவும் தீம்தான்!"

கலைய இருந்த கூட்டம் அப்படியே நின்றது. பிறகு ஓவென்று ஒரு கூச்சல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனம் ஆற்றில் இறங்கியது. மேளக்காரர்கள் பெஞ்சின் மேல் ஏறி, 'டாக்' என்ற பெரிய பூஜை மேளத்தை முழக்கினார்கள். மிதக்கும் பஸ்ஸை ஒருவர் தள்ள, இன்னொருவர் கண்டக்டர் மாதிரி "கரியாஹாட்! ராஷ்பிஹாரி!" என்று கூவினார்.

நடுவில், பார்டர் நனைந்த புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜலஜா ஆடினாள். அவளுக்கு ஆடத் தெரியாது. டாக் அடித்த அடியில் கால் தானாகப் போயிற்று. சுழன்று சுழன்று தெருவும் விளக்கும் சோளமும் அம்மனும் ஒரே வட்டமாகக் கலந்தன.

"போதும்டி, விழப் போறே!" என்று வாஞ்சிநாதன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"விழுந்தா ஆத்துலதானே!" என்றாள் ஜலஜா. அவர் கையைப் பிடித்து இழுத்து, அவரையும் சேர்த்துச் சுழற்ற ஆரம்பித்தாள்.