தளும்பாத சுலைமானி

சைதலவி சுவரில் காதை வைத்திருந்தார். விரல் முட்டியால் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கதீசாபி வீட்டு மாடியில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதே புள்ளே. சுவரு பேசுறப்ப நடுவுல நாம பேசக்கூடாது,” என்றார் அவர்.

கோழிக்கோட்டில், குற்றிச்சிறைக் குளத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் ஸ்பீக்கரோ ரிக்கார்டு பிளேயரோ சுவரில் ஏற வேண்டுமென்றால் சைதலவியைத்தான் கூப்பிடுவார்கள். வெட்டுக்கல் சுவரில் வேறு யாராவது டிரில்லிங் மிஷினை வைத்தால் கல் புட்டு மாதிரி உதிரும். இவர் அதிராமல் மெல்லத் துளைத்து, பலாமர முளையை அறைந்து, அதற்குள் திருகாணியை இறக்குவார். ஸ்பீக்கரின் உயரத்துக்கு அளவு நாடாவை எடுக்கவே மாட்டார். வீட்டுக்காரரைப் பாயில் சம்மணமிட்டு உட்காரவைத்து, காது எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். “பாட்டு கேக்கப்போறது நாடாவா, நீங்களா?” என்பார்.

மாடிகளில் அவர் குதிகாலை ஊன்றி நடந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாம் பலகைத் தளம். அழுத்தி மிதித்தால் ரிக்கார்டு முள் துள்ளிவிடும். முப்பது வருடமாக நுனிக்காலில் நடந்து நடந்து, இப்போது மீன் சந்தைக்குப் போனாலும் பூனை நடைதான். “எந்த வீட்டுல திருடப் போறீங்க?” என்று அவர் மனைவி கேட்பாளாம்.

கதீசாபி வீட்டுத் தொல்லையும் இந்த முள்தான். பத்தொன்பது வயதில் கதீசாபி பாடி ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது, மணப்பெண்ணுக்கு மருதாணி இடும்போது பாடும் மைலாஞ்சிப் பாட்டு. பிற்பாடு தொண்டை கட்டியது கட்டியதுதான். இன்று பேச்சே கரகரப்பு. நாளை மறுநாள் தங்கை மகளுக்கு மைலாஞ்சி இடும் நாள். பெண்கள் அந்தப் பாட்டுக்குக் கைகொட்டிச் சுற்றிவரும் ‘ஒப்பனை’ ஆட்டம் ஆட ஆசைப்பட்டார்கள். ஆனால் நாலு பேர் சேர்ந்து அடியெடுத்து வைத்தாலே முள் எகிறிவிடும். பாட்டு முதல் கண்ணியோடு சரி. மூன்று ஒத்திகையில் தட்டில் இரண்டு கீறல்.

“இன்னொரு தடவை எகிறுச்சுன்னா அவ்வளவுதான். உலகத்துல இந்த ஒரு தட்டுதான் இருக்கு,” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் தங்கை கணவர் உம்மர்கோயா. அவர் இந்த வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இருபத்தாறு வருடமாகிறது. இன்னும் எல்லாருக்கும் ‘புதியாப்பிள்ளை’தான். சுவரைப் பற்றியெல்லாம் அவர் வாய் திறக்க முடியாது.

தெருப்பக்கச் சுவரில் ரிக்கார்டு பிளேயர் வைக்கும் பலகையை மாட்டி முடித்தார் சைதலவி. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது. அடுத்தது அவருடைய சோதனை. விளிம்புவரை சுலைமானி, அதாவது பாலில்லாத தேநீர், ஊற்றிய கண்ணாடித் தம்ளர் பலகைமேல் ஏறும். வீட்டிலுள்ளவர்கள் அத்தனை பேரும் குதிக்க வேண்டும். சிந்தாவிட்டால் அதை அவரே குடிப்பார். ஒரு சொட்டு சிந்தினாலும் பலகையைக் கழற்றிவிடுவார்.

“ம், குதிங்க!”

குதித்தார்கள். சுலைமானி தளும்பி வழிந்து வெள்ளைச் சுவரில் நீளமாகக் கோடு போட்டது.

சைதலவியின் முகம் செத்துப்போயிற்று. “இதுக்குத்தானா சுவருகிட்ட அவ்வளவு நேரம் குசுகுசுன்னே?” என்றார் கதீசாபி.

அவர் கீழே போய், மாடித் தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டே ஏறிவந்தார்.

“நான் ஒரு மடையன்! சுவரைக் கேட்டேன், உத்தரத்தைக் கேக்கலை. இந்தத் தளத்தோட உத்தரமெல்லாம் இதே சுவருக்குள்ளதான் தலையை விட்டிருக்கு. நீங்க குதிச்சா அது சுவரைப் புடிச்சு ஆட்டுது. குளத்துப் பக்கச் சுவர்ல ஒரு உத்தரமும் இல்லை. அங்க வச்சா அசையாது.”

எல்லாரும் கதீசாபியைப் பார்த்தார்கள். அவருடைய வாப்பா முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவர் அது. முகம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு காலண்டரைக்கூட அதில் மாட்டவிட்டதில்லை.

“அந்தச் சுவர்லயா? நான் செத்து மய்யித்தானப்புறம் வந்து அடி, போ.”

“கதீசாத்தா, சுவர்லயோ தட்டுலயோ ஏதாவது ஒண்ணுல கீறல் விழத்தான் போகுது. எதுலன்னு நீங்களே சொல்லிருங்க.”

கதீசாபி எழுந்துபோய்ச் சுவரை உள்ளங்கையால் தடவினார்.

“நாலு ஓட்டை. அஞ்சாவது போட்டே, கையை ஒடிச்சுப்புடுவேன்!”

நாலே ஓட்டைதான் போட்டார். மறுபடியும் தம்ளர் ஏறியது. இந்தத் தடவை உம்மர்கோயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். கீழே சமையலறையில் பாத்திரம் உருண்டது. தம்ளரிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

சைதலவி தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, ரிக்கார்டு பிளேயரைப் பலகையில் வைத்து முள்ளை இறக்கினார். பெண்கள் கைகொட்டிச் சுற்ற ஆரம்பித்தார்கள். முதல் கண்ணி முடிந்தது. கீறல் வந்த இடத்தில் ‘டிக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது கண்ணி கணீரென்று ஏறியது.

“அடியே, நானாடி இது! நானாடி!” என்று கத்திக்கொண்டு கதீசாபி ஆட்டத்துக்குள் புகுந்துவிட்டார்.

சைதலவி சுலைமானியை ஒரே மடக்கில் குடித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் நுனிக்காலில் படிக்கட்டுவரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு, முப்பது வருடமாக எந்த மாடியிலும் ஊன்றாத இரண்டு குதிகாலையும் தளம் அதிர ஓங்கி இறக்கினார்.