அப்பாவின் தாளம்

டோர்ட்மண்ட் அரங்கில் மின்கிற்றார்களின் இரைச்சலுக்குள்ளிருந்து துடுக் என்ற மரக்குழல் எழுந்தது. ஆர்மேனிய ராக் குழு. நடுவில் நின்று பாடியவள் அனி, கெல்சென்கிர்ச்சனில் எங்கள் மேல்வீட்டுக்காரி.

அந்தக் குழு பிறந்ததே அவர்களுடைய சமையலறையில்தான். அவளுடைய அப்பா துடுக் ஊத, அவள் கிற்றார் வாசிப்பாள். கவனிப்பாரில்லாமல் காப்பி பொங்கித் தீயும் வாசம் கீழே எங்கள் வீடுவரை வரும். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவளுடைய கிற்றாரை இரவல் வாங்கிவந்து, வயலினில் பழகிய என் வர்ணத்தை அதில் வாசித்தேன். தாளம் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உது சங்கீதமில்லைப் பிள்ளை. வயலினை எடு."

இன்று அதே அப்பா பக்கத்து இருக்கையிலிருந்து என்னைத் தட்டினார்.

"எவ்வளவு வடிவாய்க் கலந்து செய்யிறாள், என்ன?"

அனி மேடையில் நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் கை அவளுக்காகத் தொடையில் தாளம் போட்டதைத்தான் பார்க்க முடியவில்லை.