யாரும் போகாத முகவரி

பழங்காநத்தத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பாடப்புத்தகங்களைத் தட்டச்சு செய்து, பார்வையற்றவர்கள் விரலால் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளாக அச்சிட்டுத் தருகிறோம். அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் பைக்கில் வந்து இறங்கினாள். திங்கட்கிழமை அவளுக்கு அரசுத் தேர்வு. வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. வரலாற்றின் கடைசித் தொகுதி மட்டும் அவள் கைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

அந்த வாரம்தான் பழைய கணினி போய்ப் புதியது வந்திருந்தது. கோப்புகளை எண் வரிசை மாறாமல் நானே மாற்றி வைத்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் டிக் அடித்திருந்தேன். முப்பத்தெட்டு அத்தியாயம், முப்பத்தெட்டு டிக். ஆனால் அச்சுக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. ‘ஸ்கீமா கிடைக்கவில்லை’ என்ற ஒரே பதில்.

ஸ்கீமா என்பது ஒரு விதிக்கோப்பு. தலைப்பு எங்கே வரலாம், பத்தி எங்கே வரலாம் என்று அது சொல்லும். எக்ஸ்எம்எல் என்ற வடிவில் இருக்கும் எங்கள் கோப்புகள் ஒவ்வொன்றின் தலையிலும் அந்த விதிக்கோப்பு இருக்கும் இடம் எழுதியிருக்கும். மென்பொருள் அங்கே போய் விதியைப் படித்து, சரிபார்த்த பிறகுதான் புள்ளியாக மாற்றும். தட்டச்சு செய்த மூன்று பேரும் பழைய கணினியில் அவரவர் அதை வைத்திருந்த இடத்தையே எழுதியிருந்தோம். புதிய கணினியில் அந்த இடம் எதுவும் இல்லை.

“அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?” என்றாள் அந்தப் பெண்.

“ஒரு மணி நேரம்மா.”

“வந்ததும் இதத்தான் சொன்னீங்க. உங்க ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நிமிசம்?”

அவளுடைய அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நான் எல்லாக் கோப்புகளையும் ஒரே வீச்சில் திருத்தினேன். அந்தத் தலைவரியில் இணைய முகவரி போல ஒன்று, அதை அடுத்துக் கோப்பின் இடம் என்று இரண்டு இருந்தன. ஒரே பொருளுக்கு இரண்டு விலாசம் எதற்கு என்று இரண்டையும் புதிய இடத்துக்கே மாற்றினேன். ஒழுங்கு செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது விதிக்கோப்பு கிடைத்தது. ஆனால் தலைப்பைத் தலைப்பென்றே மென்பொருளுக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டும் மறுபடி நின்றன. மணி பதினொன்றே கால்.

பக்கத்து மேசையில் இருக்கும் சக ஊழியர் எழுந்து வந்தார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். என் திரையைப் பார்த்ததும் அந்த மொழியில் ஏதோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

“முத உள்ளது அந்த விதியோட பேருண்ணே. எடம் இல்ல. அதப் போயி ஏன் மாத்துனீக?”

“வெப்சைட் மாதிரில்ல இருக்கு?”

“இருக்கட்டும். அங்க ஒருத்தரும் போக மாட்டாக. அங்க ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். பழைய காப்பி வச்சிருக்கீகளா, இல்ல அதையும் ஒழுங்குபண்ணிட்டீகளா?”

பென்டிரைவில் வைத்திருந்தேன். அவர் பழைய கோப்புகளைத் திரும்பப் போட்டார். ஒன்றையும் திருத்தவில்லை. தனியாக ஒரு சின்னக் கோப்பு எழுதினார், நான்கே வரி. ‘இந்தப் பெயரைக் கேட்டு யார் வந்தாலும், இந்தக் கணினியில் இந்த இடத்துக்கு அனுப்பு’ என்பதுதான் அதன் சாரம். அதை முதலில் பார்க்கும்படி மென்பொருளிடம் சொன்னார்.

திரையில் முப்பத்தெட்டு அத்தியாயமும் பச்சையாக மாறின. அச்சு எந்திரம் தடதடக்கத் தொடங்கியது. நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருடமாக அந்த வரியைப் பார்க்கிறேன். அதில் ஒரு வாசல் இருப்பதாகவே எண்ணியிருந்தேன். எங்கெங்கோ, முகம் தெரியாதவர்கள், தங்கள் மொழிப் புத்தகங்களின் தலையில் இதே பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறார்கள். அவர்கள் யாரும் அங்கே போனதில்லை. அந்த ஒரே பெயரை நம்பி இம்புட்டுப் புத்தகங்கள் நிற்கின்றன. கோயில் கோபுரத்தைக்கூட நான் அப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

கடைசித் தாள் விழும்போது மணி இரண்டு நாற்பது. பைண்டிங் செய்ய நூலை எடுத்தேன்.

“கட்ட வேணாம்ணே, அப்படியே குடுங்க. அரை மணி நேரம் மிச்சம்.”

“வரிசை கலஞ்சிரும்மா.”

“பக்க எண்ணு இருக்குல்ல? என் விரலு பாத்துக்கிரும்.”

கீழே வரை நானே தாள்களைச் சுமந்து போனேன். தந்தை பைக்கை உதைத்தார். அவள் பின்னால் ஏறி, தாள்களை மடியில் அழுத்திக்கொண்டு, முதல் தாளை உருவி அப்பாவின் முதுகில் வைத்தாள். “ஆடாம ஓட்டுப்பா” என்றாள். பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவே வண்டி நகர்ந்தது. அவளுடைய வலது கை அந்தச் சட்டை முதுகின் மேல் இடமிருந்து வலமாகப் போய், ஒரு வரி இறங்கி, மறுபடி இடப்பக்கம் வந்து தொடங்கியது.